கலங்கலில் நீங்கள் எடுத்த மண்

அன்புள்ள அக்கா,

நேற்று சாலவாக்கம் பஸ்ஸிலிருந்து மூன்று வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப்பையோடு நம் ஊரில் இறங்கினார்கள். மூவருமே நடுவயதுக்காரர்கள். வணக்கம் சொல்லப் பக்கத்தில் போனதும் எலுமிச்சைப்புல் வாசனை அடித்தது. காலையும் மாலையும் கை, கால், கழுத்தெல்லாம் நீங்கள் பூசிக்கொள்வீர்களே, அதே கொசு எண்ணெய். ஆடி மாதத்தில் நீங்கள் தவறிப்போய்விட்டதாக உங்கள் மகள் செய்தி அனுப்பியபோதுகூட நான் அழவில்லை. நேற்று ரோட்டில் நின்று அழுதேன். வந்தவர்கள் பயந்து போனார்கள்.

நீங்களும் இப்படித்தான் வெளிநாட்டிலிருந்து ஏரி வேலைக்குத் தொண்டு செய்ய மூன்று மாதம் வந்தீர்கள். உங்கள் ஊரில் தண்ணீர்க் குழாய் அடைப்பெடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மகளிர் குழுவுக்கு நான் தலைவி என்பதால் எங்கள் வீட்டில்தான் தங்கினீர்கள். என் பிளஸ் டூ இங்கிலீஷும் நீங்கள் தெருவில் பொறுக்கிய தமிழும் போதுமாக இருந்தன. எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "இன்னாம்மா, நாஷ்டா ஆச்சா?" என்பீர்கள். கரையில் பனங்கொட்டை ஊன்றும்போது குழுப் பெண்கள் பதினெட்டு பேரின் பெயரும் உங்களுக்கு மனப்பாடம். எனக்கே இரண்டு பெயர் குழம்பும்.

அந்தத் தை மாதக் காலைக்கு வருகிறேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழை ஓய்ந்ததும் கற்களுக்கு நடுவே மண்ணும் வைக்கோலும் திணித்து அடைப்பது எங்கள் வழக்கம். அதனால் ஏரியில் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும். மேட்டு மதகில் பாயும் நிலங்களுக்கு, கதிர் முற்றும்வரை அந்த ஒரு சாண்தான் கதி. குழாயில் அடைப்பெடுத்துப் பழகிய உங்கள் கண்ணுக்கு அது அடைப்பாகத் தெரிந்தது. தெரிந்ததில் தப்பே இல்லை.

நீங்கள் கேட்காமலும் செய்யவில்லை. முதல் நாள் சாயங்காலம், தங்கச்சி வீட்டுச் சம்பந்தம் பற்றி நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டீர்கள்: "கலங்கல் கல்லுல மண்ணு கீது. நாளைக்கு எடுக்கட்டா?" காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. "எடுங்க, எடுங்க" என்று கையை ஆட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டீர்கள். ஆள்கள் ஓடிப்போய்த் திரும்ப அடைப்பதற்குள் தண்ணீர் கல்லடிக்கு இறங்கிவிட்டது. மேட்டு மதகில் ஒரு சொட்டு ஏறவில்லை. முனுசாமி அண்ணன் வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரம். பாதி பதராகப் போயிற்று.

கலங்கலில் ஊரே கூடிக் கத்தியது. "யாரைக் கேட்டும்மா கை வச்ச?" என்றார் அண்ணன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. சேற்றுக் கையைக் கூப்பி, "தப்பு என்னுது" என்றீர்கள். நான் உங்களுக்கு மூன்றடி பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு அக்கா. அப்புறம் அறுப்புக்கு அண்ணன் வயலில் இறங்கி, விரலை அறுத்துக்கொண்டு, இருந்த பாதியை நீங்களும் சேர்ந்து அறுத்தீர்கள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இன்று காலை, வந்தவர்களை ஏரி வேலையில் சேர்ப்பதா என்று கேட்க ஊரைக் கூட்டினோம். பாசனச் சங்கத்துக்காரர் எடுத்த எடுப்பிலேயே மறுத்துவிட்டார். "வாணாம்பா. அந்தம்மா பண்ண வேலை மறந்துபூட்ச்சா? கேக்காம கொள்ளாம கலங்கல உடைச்சிட்டுப் போச்சு. மறுபடியும் பேஜாரா?" நாலு பேர் தலையாட்டினார்கள். நீங்கள் இல்லாத இடத்தில், நீங்கள் செய்யாத தப்பு உங்கள் பெயரில் நிற்கிறது. என்னால் உட்கார முடியவில்லை.

"கேட்டாங்க. என்னைத்தான் கேட்டாங்க. போன்ல பேசிக்கினு நான்தான் எடுங்கன்னேன்" என்றேன்.

முனுசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா மேல இருந்த கோவம் அறுப்பு அன்னிக்கே போச்சு. உம்மேல இப்பதாம்மா வருது" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவங்கள நாளைக்கு கலங்கலுக்கு இட்டுகினு வா. எது அடைப்பு, எது அடைக்கிறதுன்னு நானே காட்றேன்."

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய நாளில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "நான் போய்டுவேன். நீ இங்க கீற." பஸ் வந்துவிட்டது.

அண்ணன் என்னோடு பேசி முழுதாக ஒரு பகல் ஆகிறது. சாயங்காலம் எதிரே வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு வரவேண்டிய கோபம், விலாசம் கண்டுபிடித்து வந்துசேர்ந்துவிட்டது அக்கா. சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன்.