மடியில் படுத்த வாத்தியம்

காரைக்கால்,
துன்முகி வருடம், சித்திரை மாதம்.

சைகோனில் இருக்கும் தம்பி தியாகேசனுக்கு, அக்கா காசியம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் மருமகள் அல்லியும் சுகம். உன் சுகத்தை நீ அனுப்பிய போட்டோவிலேயே பார்த்துக்கொண்டோம். உடம்பு பூசினாற்போல் இருக்கிறது. புத்திதான் இளைத்துவிட்டது.

போட்டோவையும் இசைத்தட்டையும் திருமலைராயன்பட்டினத்து நூர் அகமது பாய் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். சைகோனில் அவருடைய ஜவுளிக்கடை வாசலில் நீ வாசித்தால் தெருவே நிற்கும் என்றார். குரங்காட்டி வந்தாலும்தான் தெரு நிற்கிறது. நல்ல மனுஷர், அதனால் அதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை.

அது என்னடா கோலம்? கழுத்தில் டை, காலில் பூட்ஸ், நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, இடது கையில் ஓர் இரும்புத் துண்டு! இஸ்திரி போடுகிறாயா, சங்கீதம் வாசிக்கிறாயா? கோட்டுவாத்தியத்தையும் கட்டையை உருட்டித்தானே வாசிக்கிறார்கள் என்று கடிதத்தில் நியாயம் வேறு. அது தரையில் சம்மணமிட்டு, சாமி முன்னால் வாசிக்கிற வாத்தியம். இது வெள்ளைக்காரன் சாராயக்கடையில் ஆட்டத்துக்கு வாசிக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து வயலின் வாசித்த கை, இப்போது இரும்பைத் தேய்க்கிறது.

வயலின் என்றதும் சோமசேகரன் ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. நீ கப்பலேறியபின் எனக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறானே, அந்த நெரவி ஊர்க்காரன். இந்த மாங்கனித் திருவிழாக் கச்சேரிக்கு வரமாட்டானாம். "இந்தச் சுதிக்கு எறக்குனா என் கம்பி தொங்கிப் போவும், வேற ஆளப் பாத்துக்குங்க" என்று கோயில்காரர்கள் எதிரிலேயே சொல்லிவிட்டுப் போனான். வில்லை ஒழுங்காக இழுக்கத் தெரியாதவனுக்குச் சுருதியைப் பற்றிப் பேச்சு! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோயில்காரர்களோ, பக்கவாத்தியம் அமையாவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து வேறு பாடகியை அழைக்கலாமா என்று கேட்டு ஆள் அனுப்பிவிட்டார்கள். அம்மையார் சன்னதியில் இத்தனை வருடம் நான் பாடின இடம். என் உடம்பில் உயிர் இருக்க, இன்னொருத்தி அங்கே உட்காருவதா?

நீ என்னடா என்றால், ஊருக்கு வந்தால் அந்த இரும்போடு என் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்கிறாய்.

சிரிப்பதற்கென்றே உன் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு நானும் அல்லியும் ஆல்போன்ஸ் வீட்டுக்குப் போனோம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரர், கிராமபோன் வைத்திருக்கிறார். சகானா ராகம் வாசித்திருக்கிறாய். முதலில் பூனை முனகுகிற மாதிரி இருந்தது. அல்லியிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் நீ சட்டென்று நிறுத்தினாய் பார், அங்கே அவள், "அம்மா, இது நீ மூச்சு வாங்குற எடமுல்ல?" என்றாள்.

மறுபடியும் போடச் சொன்னேன். ஆமாம், என் மூச்சுதான். கம்பிக்கு எதற்கடா மூச்சு? அதற்குமுன் வருகிற குழைவும் என்னுடையது. கீழே இறங்கும்போது நான் கொஞ்சம் இழுப்பேனே, அதைக்கூட விடவில்லை. என் குரலைத் திருடிக் கொண்டுபோய் இத்தனை காலம் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறாய், திருட்டுப் பயலே. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆல்போன்ஸ் மனைவி ஷர்லோத் காப்பி கொண்டுவந்தாள். சூடு என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இதனால் கிட்டார் நல்ல வாத்தியம் என்று ஆகிவிடாது. அது மட்டம்தான். கோயில்காரர்களிடம் தம்பி வருகிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எந்த வாத்தியம் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனிப் பௌர்ணமிக்கு முன்னால் வந்து சேர். வேட்டி கட்டிக்கொண்டு தரையில்தான் உட்கார வேண்டும், நாற்காலி கிடையாது. தட்டில் நீ வாசித்திருப்பது ஐந்தரைக் கட்டை, நீ போகும்போது நான் பாடின சுருதி. கப்பலிலேயே கம்பிகளை நாலு கட்டைக்கு இறக்கி வாசித்துப் பழகிக்கொண்டு வா. ஏன் என்று என்னிடம் கேட்காதே. கேட்காமல் பக்கத்தில் உட்கார்.

அம்மையார் உன்னை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அக்கா,
காசியம்மா