ஊசிமிளகாய்க்கு இன்னும் தெரியாது

என் தங்கத்துக்கு,

போனில் நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அம்மா தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று சலித்துக்கொள்ளாதே, உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னித்துக்கொள். போனில் பேசினால் உன் அப்பா பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், அவர் பிடுங்காவிட்டாலும் எனக்கு நாக்கு எழாது, உனக்குத் தெரியாததா. இங்கே இருவரும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் மணிக்கட்டு வீக்கம் வடிந்து, நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு அது போதும்.

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் டென்னிஸ் கோச் பெரிய பல்கலைக்கழகத்துக்கு வேலை மாறிப் போகிறார், அணியில் எட்டுப் பேரில் உன்னையும் உங்கள் கேப்டனையும் மட்டும் கூட்டிப்போகிறார் என்று நீ சொன்னதிலிருந்து பஸ் டெப்போவில் ஒருவரையும் விடவில்லை. நேற்று அவரோடு வேலை செய்கிறவர் ஒருவர், முதல்ல வண்டிய எடுப்பா, உன் பொண்ணு அங்க போய் சேர்ந்து கப்பு வாங்கிட்டு வந்துடும், நீ இன்னும் கேட்டத் தாண்ட மாட்டேங்கிற என்றாராம். அதையும் பெருமையாக வந்து சொல்கிறார். போட்டிகள் முடியும்வரை அணியில் யாருக்கும் தெரியக்கூடாது என்று கோச் உன்னிடம் சொல்லியிருப்பது மட்டும்தான் அவருக்குக் குறை, இல்லாவிட்டால் பஸ்ஸின் நெற்றியிலேயே எழுதி ஓட்டியிருப்பார்.

அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ வருத்தப்பட்டாய். என் வேலை அப்படி, எங்கள் கல்லூரிக்கு வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் படித்த பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற மேசை. சாப்பாட்டு இடைவேளையில் நீ போகப்போகிற இடத்தின் பிசியோதெரபி பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நீ முடித்த செய்முறை வகுப்புகளில் இரண்டை அவர்கள் ஏற்கமாட்டார்கள், படிப்பு அரை வருஷம் நீளும். அணிப் பட்டியலையும் பார்த்தேன், பதினொரு பேர் இருக்கிறார்கள், ஒற்றையர் ஆடுவது ஆறு பேர்தான். இங்கே மூன்றாவதாக ஆடுகிற நீ அங்கே முதல் வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டிவரலாம். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவள் நான், நம் வீட்டில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை, அதனால் எனக்குப் படிப்பைத் தாண்டிக் கண் தெரியாது என்று அப்பா கேலி செய்வார். பாதி உண்மைதான். ஆனாலும் நீ போ. அணிக்கு ஒதுக்குகிற பணத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, கோச்சையே வேன் ஓட்டவைத்து, மயிர் உதிர்ந்த பழைய பந்துகளில் பயிற்சி செய்யச் சொல்கிற இடத்தில் நீ இரு என்று நான் எந்த வாயால் சொல்வேன். அந்தக் கோச்சையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அவருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

போன ஞாயிறு ஊசிமிளகாய் எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. உன்னோடு மூன்று வருஷமாக இரட்டையர் ஆடுகிறாள், ஒரே அறையில் இருக்கிறாள், அவள் குள்ளத்துக்கும் காரத்துக்கும் அப்பா வைத்த பெயரைக்கூடக் கோபிக்காமல் வைத்துக்கொண்டாள். எடுத்ததும், அம்மா, உங்க பொண்ணு நாற்காலி பூரா அழுக்குத் துணியாக் குவிச்சு வச்சிருக்கா, நான் தரையில உக்காந்து படிக்கிறேன், நல்லா நாலு திட்டு திட்டுங்க என்றாள். பிறகு, அடுத்த வருஷத்துக்கு கோர்ட்டுக்குப் பக்கத்துலயே ரெண்டு பேருக்கும் ஒரு வீடு பாத்திருக்கேம்மா, ஜன்னலத் தொறந்தா நெட்டு தெரியுது, இவகிட்ட கேட்டா அப்புறம் பாக்கலாம் அப்புறம் பாக்கலாம்ங்கிறா, நீங்களாவது சொல்லுங்க என்றாள். சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன். எப்பப் பாத்தாலும் இதையே கேளுங்க என்று சிரித்தாள்.

அவளுக்கும் உன்னைப் போல விளையாட்டு உதவித்தொகையில்தான் படிப்பு ஓடுகிறது. கோச் போன பிறகு அந்த அணி நிலைக்குமா என்பது அங்கே யாருக்கும் தெரியாது என்று நீதான் சொன்னாய். வேறு அணிகளில் அடுத்த வருஷத்து இடங்கள் இப்போதே நிரம்பிக்கொண்டு வருகின்றன, என் மேசைக்கு வருகிற விண்ணப்பங்களிலேயே அது தெரிகிறது. இன்றைக்குத் தெரிந்தால் அவள் நாலு கோச்சுகளுக்கு எழுதிக் கேட்கலாம். போட்டிகள் முடிந்த பிறகு தெரிந்தால் யார் கதவைத் தட்டுவாள்? அப்பாவிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். ஊர்க் கவலை உனக்கெதுக்கு, இவ வாயத் தொறந்தா அந்தக் கோச்சம்மா இவளையே கழட்டி விட்டுடும் என்று சத்தம் போட்டார். அவர் சொல்வது நடக்கலாம். நடக்காது என்று உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன்.

மணிக்கட்டுக்கு ஐஸ் வைப்பதை விட்டுவிடாதே. அப்பாவுக்கு விடுப்பு நாளில் ஒரு போன் போடு, காட்டிக்கொள்ளாமல் காத்திருப்பார். எந்த ஊர் மைதானத்தில் நின்றாலும் உனக்கு நல்ல கையும் நல்ல மனமும் கூடவே இருக்கட்டும், என் ஆயுசிலும் கொஞ்சம் உனக்குச் சேரட்டும். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரிந்து வரவில்லை. முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதை, நீ பாடுபட்டு வாங்கிய இடத்தின் மேல் கை வைக்கிறோமே என்ற பயத்தில் இதுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். கோச் வாயால் கேட்டு அவள் தெரிந்துகொள்ள வேண்டாம், கண்ணு. வருகிற சனிக்கிழமை இருவரும் சேர்ந்து கோர்ட்டில் இறங்குவதற்கு முன்னால் நீயே அவளிடம் சொல்லிவிடு.

உன்
அம்மா