கவுதாரி இறகு, ஆரஞ்சு நூல்

அடி யசோதா, என் கொழுந்தனைக் கட்டி வந்தவளே,

இந்த வீட்டுக்கு எனக்குப் பின்னால் வந்தவள் நீ. போகும்போது மட்டும் எனக்கு முன்னால் போக யாரைக் கேட்டாய்? அதிலும் முந்திக்கொண்டாய்.

ஜூஜுவாடி வீட்டை உன் மகள் கவிதா வாடகைக்கு விடப்போகிறாள். கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் வருகிறார்களாம். பீரோவை ஒழித்துத் தரச்சொல்லிப் போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டாள். உன் புடவைகளை எண்ணக்கூடாது என்றுதான் போனேன். எண்ணிவிட்டேன். அந்த மாம்பழக் கலர் பட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. என் மகன் கல்யாணத்துக்கு நீ அதைக் கட்டி வந்தாய். பெண் வீட்டார் உன்னைத்தானே மாப்பிள்ளையின் அம்மா என்று நினைத்துக் கும்பிட்டார்கள்? நான் மறப்பேனா?

அந்தப் பட்டுக்கு அடியில், பிளாஸ்டிக் பைக்குள், பாச்சை உருண்டை போட்டு, மூன்று தடிப் புத்தகங்கள். ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தன. திறந்தால் பக்கம் பக்கமாக ஈப் படம்.

"பெரியம்மா, இது உங்க ஈக் கம்பெனி புக்குதானே? பழைய பேப்பர்காரரு வாசல்ல நிக்கிறாரு. போட்டுடவா?" என்றாள் கவிதா.

"இருடி, அவருக்கு என்ன அவசரம்?" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓசூருக்கு வெளியே ஒரு ஷெட்டில் நாங்கள் இருவரும் ஈ கட்டினோம். ட்ரௌட் என்று ஒரு மீனாம். வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈயைத் தண்ணீரில் வீசுவார்கள். அந்த மீனை எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. ஈயின் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். மினுக்கும் ஈ 'மாமியார் மூக்குத்தி'. தொப்பை தள்ளிய ஈ 'சூப்பர்வைசர்'.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருசம் கழித்து அத்திப்பள்ளியிலிருந்து நீ வந்தாய். கன்னடம் கலந்த பேச்சு, முருங்கைப் பிஞ்சு மாதிரி விரல். நான் ஒரு ஈ முடிப்பதற்குள் நீ இரண்டு முடிப்பாய். அத்தை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "சின்னவ கை பூக் கட்டுற கை. பெரியவ கை சாணி தட்டுற கை." அந்தச் சாணி தட்டும் கைதான் அத்தையைக் கடைசிவரை குளிப்பாட்டியது. அதை யார் சொன்னார்கள்?

ஒரு மதியம் மிச்சமிருந்த கவுதாரி இறகை எடுத்து, ஆரஞ்சுப் பட்டு நூலில் ஒரு ஈ கட்டினேன். றெக்கை கிடையாது, வால் கிடையாது. கழுத்தில் இறகு இரண்டே சுற்று. உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டால், உயிருள்ள பூச்சி மாதிரி கால் விரித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் என் கையிலிருந்து வந்த ஒரே பொருள் அது. உனக்கு மட்டும் காட்டினேன். "சென்னாகிதே அக்கா, நல்லா இருக்கு" என்றாய்.

அடுத்த வாரம் அதே ஈ சாம்பிள் அட்டையில் இருந்தது. கட்டியது நீ. முதலாளி உன்னை ஜன்னலோரச் சாம்பிள் மேசையில் உட்கார வைத்தார். அங்கே உட்காருகிறவள் கட்டுவதைப் பார்த்துத்தான் மற்ற எல்லோரும் கட்டவேண்டும். என் ஈயை உன்னைப் பார்த்து நான் கட்டினேன், யசோதா!

சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பெண்களுக்கும் நடுவில் கத்தினேன். "என் ஈயத் திருடிட்டு எப்படி உக்காந்து திங்கறா பாருங்கடி!" நீ என் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாய். "ஊட்டா மாடி அக்கா, சாப்பிடுங்க, ஆறிப்போவுது" என்றாய். அவ்வளவுதான். இல்லை என்று சொல்லாததால் திருடிதான் என்று முடிவு கட்டினேன்.

அன்றிலிருந்து உன் வீட்டில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோதும் கட்டில் ஓரம் நின்று, பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது கேள். நடுப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்குள் ஆரஞ்சு நூல் ஒன்று கிடந்தது. அந்தப் பக்கத்தில் கவுதாரி இறகு, ஆரஞ்சு உடம்பு, றெக்கை இல்லாத, வால் இல்லாத என் ஈ. கவிதா முன்பக்கத்தைப் படித்துவிட்டு, "இது உங்க பாட்டி காலத்துக்கும் முந்துன புக்கு பெரியம்மா" என்றாள்.

அப்படியானால் நான் பிறக்கும் முன்பே இந்த ஈ இருந்திருக்கிறது. வாசலில் தராசு தயாராக இருந்தது. புத்தகம் போய்விட்டால் ஈ எனக்கு, திருட்டு உனக்கு. போட்டுடு என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போதுதான் படத்துக்குக் கீழே பென்சில் எழுத்தைப் பார்த்தேன். கன்னடம்.

"இது என்னடி?"

"அக்கந்து. அக்காவோடதுன்னு எழுதியிருக்குது."

படத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. "அந்த ஆர்டரே இந்தப் படத்தப் பாத்து வந்ததுதானாம் பெரியம்மா. முதலாளி புக்கக் குடுத்துக் கட்டச் சொன்னாராம். உங்ககிட்ட காட்டிரலாம்லம்மான்னு நான் கேட்டேன். 'வேணாண்டி, அக்கா அது ஒண்ணுதான் தன்னோடதுன்னு நெனச்சிட்டிருக்காங்க, இருக்கட்டும்'னுச்சு அம்மா."

இரக்கமா பட்டாய் என்மேல்? இத்தனை வருசம் திருடிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டாமல் இருந்தாயே, அந்த மனசு எனக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. விரலில்தான் என்னை ஜெயித்தாய் என்று இருந்தேன். இப்போது வயிறு இன்னும் எரிகிறது.

பேப்பர்காரரை அனுப்பிவிட்டேன். உன் வீட்டுச் சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தேன்.

ஷெட்டில் இன்னும் ஈ கட்டுகிறார்கள். அன்றைக்கு நான் கத்தியதைக் கேட்டவர்களில் ஏழு பேர் அங்கே இருக்கிறார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குப் புத்தகத்தோடு போவேன். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து, அன்று கத்திய அதே குரலில் சொல்வேன்: யசோதா திருடவில்லை. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாம்பழப் பட்டை மட்டும் கவிதாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைக் கட்டிக்கொண்டுதான் போகிறேன். எனக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் வீட்டுத் தண்ணீர் குடித்த,
உன் மூத்த ஓரகத்தி
முனியம்மா