குதிரையை ஓரங்கட்டிய அண்ணிக்கு

அண்ணி,

நேற்று ஜாசின் சாலை டிராஃபிக் லைட்டில், குதிரை ஏற்றிய லோரி ஒன்று என் காருக்கு முன்னால் நின்றது. கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். வியர்வையும் வைக்கோலும் கலந்த அந்த வாடை உள்ளே வந்ததும், பச்சை விழுந்தும் வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. உங்கள் பள்ளி வேனில் திங்கட்கிழமைகளில் இதே வாடைதான் அடிக்கும். பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். "குதிர வாசம்லா. பழகிக்குங்க" என்பீர்கள்.

அண்ணன் போன மறு வருஷம் நீங்கள் சவாரி பழகப் போவதாகச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பதைத் தாண்டிய விதவை, பள்ளி வேன் ஓட்டுகிறவர், செம்மண் ரோட்டுத் தோட்டத்தில் பிறந்தவர். குதிரையாம். "தெனமும் அந்தக் குதிரைக் கிளப்பத் தாண்டித்தான் வேன் ஓட்டுறேன் செல்வி. பாத்துக்கிட்டே போறதுக்கு ஒரு அளவு இருக்குல்ல?" என்றீர்கள். அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

முதல் நாள் துணைக்கு நானும் வந்தேன். லாயத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். சவாரி உடையில் ஓர் அம்மா வந்தார். ஸ்பெஷலிஸ்ட் டாக்டரின் மனைவி என்று பிறகு தெரிந்தது. சிரித்த முகம், மெதுவான குரல். "ஆன்ட்டி, என் குதிரைக்குத் தண்ணி காட்டிட்டீங்களா?" என்று உங்களைக் கேட்டார். எனக்குக் காது சுட்டது. உங்கள் முகம் மாறவே இல்லை. "நான் கத்துக்க வந்திருக்கேன். உங்கள மாதிரிதான்" என்றீர்கள். அவர் 'சாரி' சொன்னார். சொல்லும்போதே கண் உங்கள் ரப்பர் செருப்புக்குப் போனதை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

கற்றுக்கொடுத்தவர் ரஸ்லான். நல்ல மனிதர். உங்களை மலாயில் 'கக்காக்' என்று அக்காவாகவே நினைத்துக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் விழுந்தீர்கள், எழுந்தீர்கள், மறுநாள் முழங்கால் வீங்கியபடியே வேன் ஓட்டினீர்கள். ஆனால் உறுப்பினராக உங்கள் பெயரை முன்மொழிய அந்தக் கிளப் உறுப்பினர்களில் ஓர் ஆள் கிடைக்கவில்லை. காசு கட்டிச் சவாரி செய்யலாம், உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கூடாது. வேனில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு நாம் இருவரும் குடிப்போம்.

பிறகுதான் அந்த 'வேட்டை' வந்தது. பெயர்தான் வேட்டை, மிருகம் எதுவும் கிடையாது. முன்னால் ஒருவர் மரத்தூளைத் தூவிக்கொண்டு போவார். மற்றவர்கள் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையில் துரத்துவார்கள். எந்தக் குளிர் தேசத்திலோ நரியை விரட்டிய வழக்கத்தை மலாக்கா வெயிலில், செம்பனைத் தோட்டத்துக்குள், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தார்கள். ரஸ்லான் தன் விருந்தாளியாக உங்கள் பெயரைக் கொடுத்தார். கோட்டு இல்லாமல் முடியாது என்றது கமிட்டி. பண்டல் கடையில் பழைய துணிக் குவியலைக் கிளறி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் போட்டுக் கழித்த கோட்டைக் கண்டுபிடித்தோம். தெங்கேராவில் என் தையல் கடையில் அதைப் பிரித்து உங்கள் அளவுக்குத் தைத்தேன்.

"எங்க தச்சீங்க?" என்று டாக்டர் மனைவி கேட்டார். "என் நாத்தனா தச்சது. வேணும்னா உங்களுக்கும் தச்சுக் குடுப்பா" என்று என்னைக் கை காட்டினீர்கள். அவர் வேறு பக்கம் திரும்பிக் குதிரையைத் தட்டிக்கொடுத்தார்.

நான் தண்ணீர்ப் போத்தல்களோடு தோட்டத்துக்குள் முனியாண்டி கோயில் திருப்பத்தில் காத்திருந்தேன். ரோடு குறுகல், இரண்டு பக்கமும் கால்வாய். எதிர்ப்பக்கமிருந்து ஒரு பெரியவர், கேரியரில் ஆட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்தார். குதிரைகளைக் கண்டதும் இறங்கிவிட்டார். கால்வாய்ச் சரிவில் ஒரு காலை ஊன்றி, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றார். முன்னால் போனவர்கள் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் வேட்டியில் சேறு தெறித்தது.

அடுத்து நீங்கள் வந்தீர்கள். கடிவாளத்தை இழுத்து நிறுத்தி, கீழே இறங்கிவிட்டீர்கள். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று.

"நீங்க போங்க ஐயா."

"பரவால்ல தாயி. நீங்க போங்க, நான் நிக்கிறேன்."

"இது உங்க வீட்டுக்குப் போற ரோடு. நாங்க சும்மா வெளயாட வந்தவங்க."

உங்கள் பின்னால் அந்த டாக்டர் மனைவிதான் இருந்தார். "என்ன பண்றீங்க? முன்னால போனவங்கள மிஸ் பண்ணிடுவோம்" என்றார்.

"குதிரைய கொஞ்சம் ஓரங்கட்டுங்க. அவரு போகட்டும்."

பெரியவர் கூச்சத்தோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பார்த்தார். நீங்கள் விடவில்லை. "தள்ளாதீங்க ஐயா. ஏறிப் போங்க" என்றீர்கள். அவர் ஏறினார். ஆரம்பத்தில் தடுமாறினார். பிறகு மணியை ஒரு தரம் அடித்துவிட்டு, வரிசையாக ஒதுங்கி நின்ற அத்தனை குதிரைகளையும் தாண்டிப் போனார். நான் போத்தலைத் திறக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் சொன்னீர்கள்: "தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி மோட்டார் சைக்கிள்ல வந்தா எங்கப்பா சைக்கிள விட்டு எறங்கிடுவாரு. கேரியர்ல இருக்கிற என்னையும் எறக்கி நிக்க வெப்பாரு. கிராணி திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். நான் குதிர மேல ஏறுனது அந்தக் கிராணி ஆகுறதுக்கு இல்ல செல்வி."

மறு வாரமே கிளப்பிலிருந்து போன் வந்தது, இனி உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாதென்று. நீங்கள் நேரில் போனீர்கள். ஒழுங்கு மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்றார் கமிட்டிக்காரர். "எந்த மரியாதையைத் தப்பா செஞ்சேன்னு சொல்லுங்க. கத்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் தேடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நின்றீர்கள்.  உங்களை அவர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அதற்காக நீங்கள் சவாரியை விடவில்லை. கடலோரக் கிராமமான கோலா சுங்கை பாருவில் ரஸ்லானின் மாமா கம்போங் வீட்டில் குதிரை வைத்திருந்தார். மீன் படகுகளுக்குப் பக்கத்தில், அலை நனைத்த மணலில் ஓட்டினீர்கள். வலை உலர்த்துகிறவர்கள் கை அசைப்பார்கள். நோய் வந்து மயிரெல்லாம் கொட்டிய பிறகும், தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் தொப்பி போட்டுக்கொண்டு போனீர்கள். கடைசித் தடவை நானும் ரஸ்லானும் தூக்கித்தான் ஏற்றினோம்.

உங்கள் சாவு வீட்டுக்கு அந்த டாக்டர் மனைவியும் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சிம்பிளான லேடி, பாவம்" என்றார். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "சிம்பிள் இல்லீங்க. பாவமும் இல்ல. எங்க அண்ணி ரோஷக்காரி" என்றேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உங்களைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். சொன்னதை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே ஹாரன் அடிக்கிற வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் அளவு நாடாவோடு வெயிலில் ஓடுவேன். இப்போது எழுவதில்லை. போன வாரமும் ஒருவர் விடாமல் அடித்தார். பிறகு கண்ணாடி இறங்கியது. "கொஞ்சம் வெளிய வந்து அளவு எடுங்களேன்."

"உள்ள வாங்கம்மா. எடுத்துடலாம்" என்றேன்.

கண்ணாடியை ஏற்றினார். பிறகு காரை நகர்த்தினார். இடம் தேடப் போனாரா, வேறு கடைக்கே போய்விட்டாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை அண்ணி. கையிலிருந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.