முதலைப் பல்லிக்கு நல்ல தண்ணி

4, திங்கள்
வெயில். முட்டையைத் தரையில் வைத்தால் குஞ்சு பொரிந்து வந்து குடை கேட்கும்.
மரக் கிடங்கு. கப்பலில் வந்த தடிகளை எண்ணிக் குறித்தேன். ஒரு தடியின் பொந்துக்குள் ஒருவர். முழ நீளம், முதலை முதுகு, செவ்வயிறு. மத்தியானம் வரை அசையவில்லை. கிரேன் ஓட்டும் பால்ராஜ், "ஓணான் அண்ணாச்சி. வாலப் பிடிச்சி வெளிய எறிங்க" என்றான். ஓணானாம்! சாப்பாட்டுக் கூடையில் மரியாதையாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். தொட்டி, கல், ஒரு கிளை, தண்ணி.

5, செவ்வாய்
அக்கா மகள் கேத்தரின், காலேஜில் விலங்கியல். பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலைப் பல்லியாம். கடல் தாண்டிக் கிழக்கே மழைக்காட்டு ஓடைகளில் வாசம். கிளையில் சிலையாக இருக்கும், ஆள் வந்தால் தண்ணிக்குள் விழும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம்.
சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றேன்.
வன அலுவலகத்துக்குப் போன், மூன்று தடவை. பல்லி என்றால் சுவரில் விடச் சொல்கிறார்கள். சுவரில்! கேத்தரின் போட்டோ அனுப்பிய பிறகு குரல் மாறியது. வெள்ளிக்கிழமை வருவார்களாம்.

6, புதன்
மண்புழு வைத்தேன். தொடவில்லை. கண் பாதி மூடியே. தண்ணியில் விட்டால் உடனே கல்லில் ஏறுகிறது. நன்றி கெட்ட ஜென்மம் என்று திட்டினேன்.
சாயங்காலம் கேத்தரின் தொட்டியில் விரலை விட்டு நக்கினாள்.
"மாமா, இது போர் தண்ணி."
ஆமாம், அதற்கென்ன? குளிக்க, பல் தேய்க்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதானே. இந்த ஊரில் ஐம்பது வருஷம் ஊறிய நாக்கு, உப்பே உறைக்கவில்லை. ஓடையில் பிறந்த சீவனை மூன்று நாளாக உப்புக்கண்டம் போட்டிருக்கிறேன். என் மேலேயே கோபம். அது போதாமல் குழாயையும் ஒரு உதை. கால் வீங்கிவிட்டது.
நல்ல தண்ணி வாரம் ஒரு தடவைதான் வரும். அக்கா பிடித்து வைத்ததில் இரண்டு குடம் தொட்டிக்குள்.

7, வியாழன்
அக்கா குடத்தை எண்ணிவிட்டாள்.
"ஏலே, ஓணானுக்கு ரெண்டு குடமா? நாங்க உப்பக் குடிச்சிச் சாவவா?"
உலக அதிசயம், அகில லோக விருந்தாளி என்று ஒரு மணி நேரம் முழங்கினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு சொட்டு கிடையாதாம். பல்லியைவிடக் கல்நெஞ்சு.
ராத்திரி: ஒரு புழு தின்றது! தெருவே எழுந்திருக்கும்படி கத்தினேன்.

8, வெள்ளி
காற்று. ஒரே மண்.
வனக் காவலர் வந்தார். உயிரியல் பூங்காவுக்கு நாலு மணி நேரப் பயணம். கையில் ஒரு வாளித் தண்ணி. விரல் விட்டு நக்கினேன். உப்பு. புதன் முதல் என் நாக்குக்கு எல்லாம் தெரிகிறது. சொன்னேன். அவர் சிரித்தார்.
"நீந்துத சீவன்தான சார். எல்லாம் தண்ணிதான்."
ரத்தம் கொதித்தது. சொற்பொழிவுக்கு வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்தாள். வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கடைசிக் குடத்தைக் கொண்டுவந்து அதில் ஊற்றினாள்.
"சிந்தாமக் கொண்டு போங்க. எங்களுக்குத் திங்கக்கெழம வரைக்கும் உள்ள தண்ணி இது."
என் பக்கம் திரும்பவே இல்லை. தொட்டியிலிருந்து கிளையோடு தூக்கி வாளிக்கு மேல் பிடித்தேன். பல்லி தொப்பென்று உள்ளே விழுந்தது. ஏறவில்லை.
ஜீப் போனது.
காப்பி, போர் தண்ணியில். வாயில் வைக்க முடியவில்லை. அக்காவிடம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.