வேன் தண்டில் இருந்த வெள்ளைக் கோடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாயிருக்க வேண்டும். உன் அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பேத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் கதவு திறந்த வீடு மாதிரி இருக்கிறாள். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ, விடும்மா, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவாய். இதை அப்படி வைக்க முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள், ஆனால் ஒரு வரி விடாமல் படி.

விஷயம் உன் பெண்டாட்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டுகிற நம் வேனைப் பற்றியது. பள்ளி விடுமுறையில் உன் பெண்டாட்டி அடியில் ஜாயிண்ட் மாற்றினாளே, அதில் நடந்தது முழுவதும் உனக்குத் தெரியாது. நீ சொன்னபடியே நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, தட்டிப் பார்த்து, இரண்டு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் படுத்தாள். எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற அந்த நீளத் தண்டைக் கழற்றுவதற்கு முன்னால், மகளுடைய சாக்பீஸை வாங்கி, எதோடு எது சேர வேண்டுமோ அங்கெல்லாம் கோடு போட்டாள். நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன். பழைய ஜாயிண்ட் துருவேறி வரமாட்டேன் என்றது. அரைநாள் போராடினாள். புது ஜாயிண்ட் கூட்டல் குறி மாதிரி இருக்கிறது, நாலு முனையிலும் தொப்பி, தொப்பிக்குள் சுற்றிலும் ஊசி ஊசியாய் உருளை. ஒரு தொப்பி முழுசாய் இறங்கவில்லை. நானாக இருந்தால் சுத்தியலால் நாலு போடு போட்டிருப்பேன். அவள் திரும்பக் கழற்றி, உள்ளே ஓர் ஊசி குறுக்கே விழுந்து கிடந்ததை எடுத்து, கிரீஸ் தடவி நிறுத்தி வைத்தாள். எனக்கு அவளைப் பெற்றவள் நானில்லையே என்று இருந்தது. தண்டைக் கீழே வைக்கும்போது, அத்தை, இத யாரும் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போனாள். அதைக் கேட்டேன், கேட்காமல் இல்லை. ஆனால் அழுக்கைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். அவ்வளவு பாடுபட்டவளுக்கு ஒரு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, அந்தத் தண்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தேன்.

அவள் வந்து பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள்.  கண்ணளவாகப் பார்த்து மாட்டினாள். தண்டு ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் பல் பல்லாக இருக்கும், அதில் ஒரு பல் தள்ளி விழுந்திருக்கிறது. யாரையும் ஏற்றாமல் தெருமுனைவரை ஓட்டினாள், வண்டி குளிர்க்காய்ச்சல் கண்ட மாதிரி நடுங்கியது. எதிர்ப் பட்டறை ஒட்டடை, அதுதான் அந்த நெட்டை மெக்கானிக், குனிந்து பார்த்துவிட்டு, குறி போட்டிருந்தா ஒரு பொட்டாவது மிச்சம் இருக்கணுமே தங்கச்சி, மனசுக்குள்ள போட்டீங்களோ என்று கேட்டுச் சிரித்தான். உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அப்போதுதான் நான் துடைத்தது என்னவென்று உறைத்தது. சொல்லியிருக்க வேண்டும். இந்த வீட்டில் நான் செய்த வேலையை யாரும் குறை சொன்னதில்லை என்கிற திமிர், நாக்கு எழும்பவில்லை. சாயந்தரம் நீ போனில், போட்டேன் போட்டேன்னா எங்க போச்சு, மறந்துட்டேன்னு சொல்லு, பொய் சொல்லாத என்று கத்தினாய். கை முழுக்க கிரீஸ் என்று அவள் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். நீ சொன்னது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

மூன்று நாள் வேன் ஓடவில்லை. பள்ளியும் திறந்துவிட்டது, இரண்டு வீட்டில் வேறு வண்டி பார்த்துக்கொள்ளவா என்று கேட்டார்கள். அவள் மனசு விட்டுப்போய் வேன் பக்கமே போகவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், இங்கே இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. மூன்றாம் நாள் தலை வாரிவிடும்போது உன் மகள், பாட்டி, அம்மா பொய் சொல்வாங்களா என்று கேட்டாள். பின்னலை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். உன் பெண்டாட்டி குழாயடியில் சோப்புத்தூள் போட்டுக் கை தேய்த்துக்கொண்டிருந்தாள். நான்தான்டி துடைச்சேன் என்றேன். அவள் தலை நிமிராமல், தெரியும் அத்தை, அன்னிக்கே உங்க துணியில வெள்ளை இருந்துச்சு என்றாள். பின்னே ஏன்டி அவன்கிட்ட சொல்லல என்று கேட்டதற்கு, சொன்னா பெத்தவங்க மேல பழி போடுறேன்னு சொல்லுவாரு, அதுக்கு பொய்க்காரின்னு கேக்கறதே மேல் என்றாள். உன்னை அவள் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறாள் பார். 

அன்றைக்கே கழற்றி, தண்டைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு பல்லாகத் தள்ளிப் பார்த்து, ஜாயிண்டைப் பிடிக்கிற இரண்டு முனைக் கவையும் ஒரே நேராக வந்ததும் பூட்டினாள். இப்போது கோட்டை உளியால் கொத்தி வைத்திருக்கிறாள். இனி நீங்க எவ்வளவு தேச்சாலும் போகாது அத்தை என்று சொன்னாள், பாதி சிரிப்புதான், அதுவே எனக்குப் போதும். ஒட்டடை ஓட்டிப் பார்த்து, ஆடல, ஆடலன்னா ஆடல என்றான். துடைத்தது நான் என்று அவனிடமும் தெருவில் வைத்தே சொன்னேன், உன் அப்பாவிடமும் சொன்னேன். பேத்தியை மடியில் இருத்திச் சொன்னதும், அப்ப அப்பாதான் தப்பா சொன்னாங்களா என்று கேட்டாள். அதற்குப் பதில் நான் சொல்லக் கூடாது. அது உன் வாயால் வர வேண்டியது.

நீ நூறாண்டு சுகமாய் இரு, பேசும் சொல்லெல்லாம் நல்ல சொல்லாய் இருக்கட்டும். மப்ளர் சுற்றிக்கொண்டு வெளியே போ. அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நாலரைக்கு வீட்டுக்கு வருவாள், அப்போது கூப்பிடு. அம்மா எழுதினாள், அதனால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லாதே. பொய் என்று சொன்னது தப்பு என்று சொல். ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுச் சொல். மகள் பக்கத்தில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
கோட்டைத் துடைத்த
உன் அம்மா