டாக்வுட்டுக்கு ரத்தசோகை

ஏப்ரல் 6

தோட்டத்து டாக்வுட் மரம் துளிர்த்துவிட்டது. இலைக்கு இலை வெள்ளை ஓரம், யாரோ உட்கார்ந்து பார்டர் தைத்த மாதிரி. இதற்காகத்தான் மூன்று வருடம் காத்திருந்தேன். இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரத்தசோகை மாதிரி இருக்கே" என்றார். மருந்துக்கடையில் முப்பத்தாறு வருடம் நின்றவர், ஜனவரியில் ஓய்வு. நோயாளி கிடைக்காமல் கை அரிக்கிறது போல.

ஏப்ரல் 11

வேருக்கு இரும்புச்சத்து டானிக் ஊற்றுகிறார். மூடியில் அளந்து, சாப்பாட்டுக்குப் பின்! மரம் எப்போது சாப்பிட்டது என்று கேட்டேன். இன்னொரு மூடி ஊற்றினார்.

மே 3

இரண்டு நாள் அக்கா வீட்டுக்குப் போனது என் தப்பு. திரும்பி வந்தால் வெள்ளைக் கிளையெல்லாம் குப்பையில்! தப்பித்தது சுவரோரம் ஒன்றே ஒன்று. "சீக்கு வந்ததை எல்லாம் எடுத்துட்டேன். நல்லதை மட்டும் விட்டிருக்கேன்." அந்த நல்லது, நடுவில் நெட்டையாக நிற்கும் முழுப்பச்சைக் கிளை. இந்த மனுஷனை என்னதான் பண்றது?

மே 5

நர்சரிக்காரரைப் போய்ப் பார்த்தேன். "அந்தப் பச்சையை அடியோட வெட்டுங்க. விட்டா மரத்தையே முழுங்கிடும். அப்புறம் வெள்ளையை மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

மே 9

கத்தரியோடு போனேன். இவர் பச்சைக் கிளையை டேப் வைத்து அளந்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே கிடந்த மனிதர். "பாத்தியா, ஆறு நாள்ல அஞ்சு சென்டிமீட்டர்! எல்லாம் என் வைத்தியம்!" கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மரமா, இவரா?

மே 21

இன்றும் வெட்டவில்லை.

ஜூன் 7

வேலை முடிந்து வந்தால் பச்சைக் கிளை தரையில் கிடக்கிறது. பக்கத்தில், படியில், கையில் கத்தரியோடு இவர். கிளையின் போட்டோவைக் காட்டிப் பெருமையடிக்க நர்சரிக்குப் போயிருக்கிறார். நர்சரிக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"உனக்கு ஒரு மாசமாத் தெரியுமாமே. ஏன் சொல்லலை?"

"சந்தோஷமா இருந்தீங்க."

"மரம் போனாலும் பரவாயில்லையா?"

ஆமென்று தலையை மட்டும் அசைத்தேன்.

கத்தரியைப் படியில் வைத்தார். பிறகு, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீ வாயை மூடிக்கிட்டு இருந்தது இந்த ஒரு மாசந்தான். எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்" என்றார்.

அழுதேனா சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. கிளையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் குப்பைக்குக் கொண்டுபோனோம்.